கலைப் பட்டமும் கணிப்பொறியும்

பி.ஏ. பட்டத்திற்குப் பயிலும் மாணவன் ஒருவன் பொருளாதாரம், அரசியல் ஆகியவற்றோடு கணிப்பொறியையும் பாடமாகக் கொண்டிருக்கிறான் என்று கேட்டால், நம்மில் முதியோர் சிலர் இன்றும் புருவம் நெரிப்பர். கணிப்பொறி விஞ்ஞானத்தைச் சேர்ந்ததாயிற்றே, அதற்குக் கலைக் கல்லூரியில் என்ன வேலை என்பது அவர்தம் ஐயம். இவ்வையம் அத்துணை வலுவுடையதன்று. கணிதமே நெடுங்காலம் கலைப் பட்டத்திற்குரிய பாடமாக இருந்ததுதான். கணிதம் பயின்று எம்.ஏ. என்று பெயருக்குப் பின்னே எழுதிக் கொண்டோர் நம் நாட்டில் எண்ணற்றோர். கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம் 1953-ஆம் ஆண்டிலேயே கணிப்பொறிக் கணக்கீட்டிற்கென்று ஒரு டிப்ளமா வகுப்பைத் தொடங்கியது. கணிப்பொறியியல் பயிலும் மாணவன் அங்கே பெறும் இளநிலைப் பட்டம் இன்றும் பி.ஏ.தான். எனவே பட்டத்தின் பெயரைப் பற்றிக் கொண்டு வழக்காடுவதில் பயனில்லை. கலை மாணவனுக்குக் கணிப்பொறி எதன்பொருட்டு வேண்டும் என்பதே நாம் கேட்கத்தக்க வினா. அதற்கு ஹைதராபாத் நகரின் கல்வி வரலாற்றில் ஒரு விடை இருக்கிறது. கலைப் பட்டம் பெற்று மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, அவ்விடை ஒரு மொழிபெயர்ப்பு நிலையத்திலிருந்து தொடங்குவது தனி மகிழ்ச்சியே.

1917-ஆம் ஆண்டில் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் புதியதொரு பல்கலைக் கழகத்திற்கு ஆணையிட்டார். 1918-ல் உஸ்மானியாப் பல்கலைக் கழகம் தோன்றியது. வரலாறும் தத்துவமும் மட்டுமன்றி, பௌதிகமும் மருத்துவமும் உருதுவிலேயே கற்பிக்கப்பட வேண்டும் என்பது அதன் கொள்கை. கொள்கை வகுப்பது எளிது. பாட நூல்கள் எங்கே? அவற்றை ஆக்குவதற்கென்றே 'தாருல் தர்ஜுமா' என்னும் மொழிபெயர்ப்பு நிலையம் 1917-லேயே அமைக்கப்பட்டது. மௌல்வி அப்துல் ஹக் அதற்குத் தலைமை தாங்கினார். நூற்றுக்கணக்கான நூல்கள் அங்கிருந்து உருது வடிவம் பெற்றன. கலைச்சொல்லை அரபியிலிருந்து ஆக்குவதா, பாரசீகத்திலிருந்து ஆக்குவதா, மக்கள் வழக்கிலிருந்தே எடுப்பதா என்று அங்கே கடும் விவாதங்கள் நடந்தன. சொல்லாக்க நெறிகளை ஆராய்ந்து வஹீதுத்தீன் சலீம் 1921-ல் தனி நூலே வெளியிட்டார். 1948-க்குப் பின் உருதுப் பயிற்றுமொழி மறைந்து ஆங்கிலம் அவ்விடத்தைப் பெற்றது. ஆயினும், மொழியின் உறுப்புக்களைத் தனித்தனியே பிரித்து, எண்ணி, விதி கண்டு அடுக்கும் வேலைக்கு இந்நகரில் ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. அவ்வேலைதான் பின்னாளில் கணிப்பொறியின் வாயிலில் வந்து நின்றது.

1967-ல் இந்திய மின்னணுவியல் கழகம் ஹைதராபாத்தில் நிறுவப்பட்டது. அது 'டி.டி.சி. 12' என்னும் கணிப்பொறியைத் தயாரித்தது. அது பொறியியலாரின் கதை. அதை விரிக்க இங்கு இடமில்லை. நமக்கு வேண்டியது உஸ்மானியாவின் மொழியியல் துறையில் வீற்றிருந்த ஓர் அறிஞரின் கதை.

பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தெலுங்கு இலக்கியம் பயின்று, பின்னர் மொழியியலில் ஆழ்ந்தவர். தமிழில் 'உரல்' என்பது தெலுங்கில் 'ரோலு' என்றாகிறது. 'உள்' என்பது 'லோ' என்றாகிறது. சொல்லின் முதலில் வரலாகாத ரகரமும் லகரமும் முதலிடத்தைப் பிடித்துக் கொள்கின்றன. தெலுங்கிற்கு உறவான கோண்டி, கோண்டா, கூயி, கூவி, பெங்கோ, மண்டா என்னும் ஆறு மொழிகளிலும் இம்மாற்றம் உண்டு. ஆனால் ஒரு சொல் ஒரு மொழியில் மாறியிருக்கும், அடுத்ததில் மாறாதிருக்கும். எந்த மொழி எதனோடு நெருங்கிய உறவுடையது? ஆறு மொழிகளுக்கு வமிச விருட்சம் வரைய 945 வழிகள் உண்டு. ஒவ்வொரு விருட்சத்தையும் எடுத்துக் கொண்டு, இந்த விருட்சம் மெய்யானால் மாற்றம் எத்தனை முறை தனித்தனியே நிகழ்ந்திருக்க வேண்டும் என்று சொல்தோறும் கணக்கிட வேண்டும். மிகக் குறைந்த எண்ணிக்கை தரும் விருட்சமே ஏற்புடையது. மனிதன் இதைக் கையால் செய்யப் புகுந்தால் ஆயுள் போதாது என்பதோடு, பிழையும் மலியும். கிருஷ்ணமூர்த்தி, புள்ளியியல் அறிஞர் லிங்கன் மோசஸ் முதலானோரோடு சேர்ந்து கணிப்பொறியின் துணையால் இதனை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1983-ல் 'லாங்குவேஜ்' என்னும் அமெரிக்க இதழில் வெளிவந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டுவது ஒன்றுண்டு. வினா கணிப்பொறியிலிருந்து பிறக்கவில்லை. வினா தெலுங்குப் புலமையிலிருந்து பிறந்தது. பொறி அதற்குப் பணி செய்தது.

இதே கிருஷ்ணமூர்த்தி 1986 முதல் 1993 வரை ஹைதராபாத் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். அக்காலத்தில் அங்கே, மானிடக் கலைகளுக்குரிய பிரிவினுள்ளேயே, பயன்பாட்டு மொழியியலுக்கும் மொழிபெயர்ப்பியலுக்கும் ஒரு மையம் எழுந்தது. கான்பூரில் வினீத் சைதன்யா, ராஜீவ் சங்கல் ஆகியோர் தொடங்கிய 'அனுசாரகா' என்னும் இயந்திர மொழிபெயர்ப்பு முயற்சி 1990-களில் இங்கு வந்து சேர்ந்தது. தெலுங்கு, கன்னடம் முதலிய மொழி நூல்களை இந்தி வாசகன் படித்தறியச் செய்வது அதன் நோக்கம்.

அவர்கள் எதிர்ப்பட்ட இடர்களுள் ஒன்றைச் சொன்னால் நேயர்க்கு இவ்வேலையின் தன்மை விளங்கும். 'இராமன் உண்ட பழம்' என்கிறோம். 'இராமன் உண்ட கரண்டி' என்றும் சொல்கிறோம். இராமன் கரண்டியைத் தின்றான் என்று எவரும் கொள்வதில்லை. 'உண்ட இடம்', 'உண்ட நேரம்' என எல்லாவற்றிற்கும் 'உண்ட' என்னும் ஒரே எச்சம் போதும். பெயரெச்சம் கொண்டு முடியும் பெயர்கள் அறுவகைப் பொருளில் வரும் என்று நன்னூலார் முன்னமே வகுத்திருக்கிறார். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே நிலைதான். இந்தியிலோ 'எதை உண்டான்', 'எதனால் உண்டான்' என்று வேற்றுமையை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். மூலத்தில் இல்லாததைப் பொறி எங்கிருந்து எடுக்கும்? அனுசாரகாவினர் ஊகித்து எழுதப் பொறிக்கு இடம் தரவில்லை. இந்திச் சொல்லோடு ஒரு தனிக் குறியை இட்டு, 'இங்கே வேற்றுமை சொல்லப்படவில்லை, வாசகனே உணர்ந்து கொள்க' என்று விட்டார்கள். மூலத்திலுள்ளதைக் குறைக்காமலும் கூட்டாமலும் தருவது என்பதே அவர்கள் கொண்ட நெறி. நம் தொழிலில் இதைவிடக் கடுமையான நெறி வேறு இருப்பதாக நாம் அறியோம். இலக்கணம் கற்ற கலை மாணவன் இன்றிப் பொறியாளன் மட்டும் இந்த இடத்தைக் கண்டிருக்க முடியாது.

இனி இன்றைய கல்லூரிக்கு வருவோம். உஸ்மானியாவைச் சார்ந்த கல்லூரிகளில் கணிப்பொறிப் பயன்பாடு பி.ஏ. பாடங்களுள் ஒன்றாக இடம் பெற்றிருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் துறைகளுக்கு இடையேயுள்ள வேலிகளைத் தளர்த்தச் சொல்கிறது. எனினும் மூன்று பாடங்கள் ஒரே பட்டத்தில் இருப்பதனாலேயே அவை ஒன்றோடொன்று உறவாடிவிடுமா? பாகம் பிரிந்த பங்காளிகள் ஒரே முற்றத்தில் வாழ்ந்தும் முகம் பார்த்துப் பேசாதிருப்பதுண்டு. வரலாற்று வகுப்பில் கணிப்பொறியின் பேச்சில்லை. கணிப்பொறி வகுப்பில் வரலாற்றின் பேச்சில்லை என்றால் நிலைமை அதுதான். இதனால் வேலை கிடைக்கும் என்று மாணவன் எண்ணுவதை நாம் குறை கூறவில்லை. வயிற்றைப் பழிப்பவன் உபதேசம் செய்தல் தகாது. ஆனால் அலுவலகக் கணக்குப் பட்டியல் போடக் கற்றதோடு அவன் நின்றுவிட்டால், மூன்றாண்டுப் படிப்பில் அவனுக்குரிய பங்கு முழுவதும் கைக்கு வரவில்லை என்போம்.

இந்நகரிலேயே 1998-ல் நிறுவப்பட்ட சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகம் மறுமுனையிலிருந்து வந்தது. ராஜீவ் சங்கல் அதன் இயக்குநராகவும் இருந்தார். கணிப்பொறியியலோடு மொழியியலையும், பின்னர் மானிடக் கலைகளையும் இணைத்து இரட்டைப் பட்டம் தரும் முறை அங்கே உருவாயிற்று. அது கலைப் பட்டமன்று, பொறியியற் பட்டமே. ஆயினும் அங்கே இந்தி வாக்கியங்களைக் கணிப்பொறிக்காக ஆய்ந்து வைத்த பெருந்தொகுப்பைப் பார்ப்பவன் ஒன்றைக் காண்பான். ஒவ்வொரு சொல்லுக்கும் வினையோடுள்ள உறவு குறிக்கப்பட்டிருக்கிறது. அக்குறிகள் பாணினியின் காரகங்களைத் தழுவியவை. 'கே 1' என்றால் கர்த்தா, 'கே 2' என்றால் கர்மம். அத்தொகுப்பு இன்று உலகப் பொதுவான வாக்கியத் திரட்டிலும் வேறு வடிவில் இடம் பெற்றிருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்து, இச்சொல் கர்த்தாவா கருவியா என்று தீர்மானித்துக் குறியிட்ட வேலையில் பெரும்பங்கு மொழியியல் பயின்றோருடையது.