ஒரே நீரில் சேர்ந்து வாழ்பவை: கோவளம் கரையும் கடல்மீன் தொட்டியின் வரலாறும்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைப்பவர் எதிர்கொள்ளும் கேள்விகளுள் மிகப் பழையதும் மிகக் கடினமானதும், எந்த மீனை எந்த மீனோடு விடலாம், அவற்றின் நடுவே இறால், நண்டு, நட்சத்திர மீன் போன்ற முதுகெலும்பற்ற உயிர்களுக்கு இடமுண்டா என்பதே. இக்கேள்விக்கான விடைகளை இன்று பெரும்பாலோர் ஹவாய்க்கும் செங்கடலுக்கும் உரிய பவளத்திட்டு மீன்களின் பட்டியல்களில் தேடுகின்றனர். ஆனால் சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரையிலான கடற்கரைக்கு இத்துறையில் நூறாண்டு கடந்த சொந்த அனுபவம் இருக்கிறது. அந்த அனுபவத்தின் பெரும்பகுதி வீட்டுத் தொட்டிகளுக்கு வெளியே, மெரினாவின் காட்சியகத்திலும் கோவளத்தின் ஆய்வுக்கூடத் தொட்டிகளிலும் முட்டுக்காட்டு உப்பங்கழியிலும் சேர்ந்தது என்பதாலேயே அது போதிய அளவு நினைவுகூரப்படாமல் போயிற்று.

மூடிய பாத்திரத்தில் உயிர்களைச் சேர்த்து வாழவைக்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஒழுங்கான வடிவம் பெற்றது. 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், மீன் வெளியிடுவதைத் தாவரம் ஏற்று, தாவரம் வெளியிடுவதை மீன் சுவாசித்து, அழுகுவதை நத்தை தின்று தீர்க்கும் ஒரு சமநிலையை நன்னீர்ப் பாத்திரத்தில் காட்டினார். பிலிப் ஹென்றி காஸ் 1854இல் வெளியிட்ட ‘தி அக்வேரியம்’ என்ற நூல் கடல் உயிர்களை வளர்க்கும் ஆர்வத்தை நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் கொண்டுசென்றது. அக்காலத்தில் எவருக்கும் தெளிவாகப் புலப்படாத ஓர் உண்மை, மீன் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நச்சு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுபவை பாறையிலும் மணலிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் என்பது. ஒன்றையொன்று ஒருபோதும் தாக்காத உயிர்கள்கூட இந்தப் பாக்டீரியாக்கள் பெருகுமுன் ஒரே தொட்டியில் கூடினால் ஒன்றன்பின் ஒன்றாக மடியும். ஆகவே பொருத்தம் என்பது பகையின்மை மட்டுமன்று. தொட்டி தாங்கக்கூடிய எண்ணிக்கையும் அதில் அடங்கும்.

இந்த ஆர்வம் சென்னையை அடைந்தபோது அது அரசின் முயற்சியாக இருந்தது. 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், இராமேசுவரம் கடலின் உயிர்களையும் முத்துக்குளித்தலையும் ஆராய்ந்தவர். மெரினாக் கடற்கரையில் கடல்வாழ் உயிர்க் காட்சியகம் ஒன்று எழும்புவதற்கு அவரே காரணமானார். அவர் ஓய்வுபெற்றபின், அவரை அடுத்துப் பொறுப்பேற்ற ஜே.ஆர். ஹெண்டர்சன் காலத்தில், 1909 அக்டோபரில் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1919இல் மீன்வளத் துறையின் கைக்கு மாறிய அக்காட்சியகம், ஜப்பானியப் படையெடுப்பு அச்சம் நகரையே காலிசெய்த 1942இல் மூடப்பட்டது.

முப்பத்துமூன்று ஆண்டுகள் நீடித்த அந்த முயற்சியின் சிறப்பு, அது உள்ளூர்க் கடலைக் காட்டியது என்பதில் இருக்கிறது. கட்டுமர மீனவர்கள் கொணர்ந்தவையே ஒரு கடற்கரைக் காட்சியகத்தின் இயல்பான சரக்கு. அவற்றுள் எவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்பதை உருவத்தைக் கொண்டே ஓரளவு ஊகிக்க முடியும். பெரிய வாயைத் திறந்து நீரோடு இரையை உறிஞ்சும் களவா, தன் வாய்க்குள் அடங்கும் எதையும் இரையாகவே கருதும். சிறியதாக வாங்கி வளர்ந்தபின் தோழனை விழுங்கிய மீன்களுள் களவாவே முதன்மையானது. உளி போன்ற பற்களை உடைய கிளாத்தியும், ஓட்டை உடைக்கவல்ல தாடையை உடைய பேத்தையும் மற்ற மீன்களோடு சமாளித்துக்கொண்டாலும், நண்டு, சங்கு, கடல் முள்ளெலி ஆகியவற்றை விட்டுவைப்பதில்லை, ஏனெனில் அவற்றின் வாய் அதற்கென்றே அமைந்தது. மீனின் வாயையும் பல்லையும் பார்த்து அது எதைத் தின்னும் என்று கணிப்பது, எந்த அட்டவணையையும்விட நம்பத்தக்க வழி.

கோவளத்தின் கடலடி பெரும்பாலும் மணலும் சேறும் ஆனது. நடுநடுவே மீனவர்கள் ‘பார்’ என்று அழைக்கும் பாறைத்திட்டுகள் உள்ளன. பவளத்திட்டைக் காண மன்னார் வளைகுடாவுக்கோ பாக் நீரிணைக்கோ போகவேண்டும். ஆனால் பார்களின் பொந்துகளில் ஒரு சிறு உலகமே குடியிருக்கிறது: சிங்கி இறாலும், பாம்புபோல் நீண்ட அஞ்சாலையும், களவாவும், இரவில் இரைதேடும் பேய்க்கணவாயும். பேய்க்கணவாய் சிங்கியைத் தின்னும், அஞ்சாலை பேய்க்கணவாயைத் தின்னும். ஆகவே அஞ்சாலை இருக்கும் பொந்துக்கருகே சிங்கிக்கு ஒருவகைப் பாதுகாப்புக் கிடைக்கிறது. விரிந்த கடலில் தப்பியோட இடம் இருப்பதால் நிலைக்கும் இந்த ஏற்பாட்டை நான்கடித் தொட்டிக்குள் மாற்றிவைத்தால் அது சில நாள்கூடத் தாங்காது. கடலில் அருகருகே வாழ்வதைக் கண்டு தொட்டியிலும் சேர்த்து விடலாம் என்று எண்ணுவது, இத்துறையில் உயிர்ச்சேதத்துக்கு முக்கியமான காரணமாக இருந்து வருகிறது.

1947 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கப்பட்டு, 1949இல் மண்டபத்துக்கும் 1971இல் கொச்சிக்கும் தலைமையிடம் மாறிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், கோவளத்தில் ஒரு கள ஆய்வுக்கூடத்தை நடத்தியது. அங்கு 1980களில் சிங்கி இறாலை, குறிப்பாகப் பானுலிரஸ் ஹோமாரஸ் என்ற இனத்தை, தொட்டிகளில் கூட்டமாக வளர்க்கும் ஆய்வுகள் நடந்தன. ஏற்றுமதி மதிப்பு மிக்க இவ்வுயிரைச் சிறிதாகப் பிடித்து வளர்த்து விற்பது இயலுமா என்பதே ஆய்வின் நோக்கம். வீட்டுத் தொட்டி எவர் எண்ணத்திலும் இருந்திருக்காது. எனினும் முதுகெலும்பற்ற உயிர்களைச் சேர்த்து வளர்ப்பது குறித்து இக்கரை பெற்ற அறிவில் மிக உறுதியானது அங்கிருந்தே வந்தது.

சிங்கி வளர்வதற்குச் சட்டை உரிக்க வேண்டும், அதாவது முழு ஓட்டையும் கழற்றிப் புதிய ஓட்டுக்குள் பெருக்க வேண்டும். உரிக்கும் நாள் நெருங்கும்போது அது தீனியைக் குறைக்கிறது. பெரும்பாலும் இரவில், முதுகு ஓட்டுக்கும் வாலின் முதற்கண்டத்துக்கும் இடையிலுள்ள மெல்லிய சவ்வு பிளக்க, அந்த இடைவெளி வழியே கால்கள், உணர்கொம்புகள், கண்காம்புகள் எல்லாவற்றையும் பழைய உறையிலிருந்து உருவிக்கொண்டு உடல் வெளியேறுகிறது. காலையில் தொட்டியைப் பார்ப்பவருக்கு ஒன்றுக்கு இரண்டு சிங்கிகள் தெரியும். ஒன்று கண் முதல் கால்நுனி வரை குறையில்லாத வெற்று ஓடு, மற்றது மூலையில் பதுங்கிய மென்மையான உயிர். நீரை உள்வாங்கி உடலைப் பெருக்கிக்கொண்டு, ஓடு இறுகும் வரை சில நாள்கள் அதனால் எதிர்த்து நிற்க முடியாது. பெரிய இடுக்கிகள் உடைய மேலைநாட்டு லாப்ஸ்டரைப்போல் அன்றி, இடுக்கியற்ற நம் சிங்கி இயல்பில் கூடிவாழ்வது. பகலில் ஒரே பொந்தில் பல ஒண்டியிருக்கும். அத்தகைய உயிரே, தீனி போதாதபோதும் ஒளிவிடம் குறைந்தபோதும், சட்டை உரித்த தன் இனத்தைத் தின்றுவிடுகிறது.

கண்காம்பினுள் இருக்கும் சுரப்பி சட்டை உரிப்பைத் தடுத்து வைக்கிறது என்பதால், கண்காம்பை அகற்றினால் உரிப்பு விரைவுபடுவதையும் வளர்ச்சி பல மடங்கு கூடுவதையும் கோவளத்தில் செய்த ஆய்வுகள் காட்டின. உயிரைக் குருடாக்கி எடை கூட்டும் அம்முறையைப் படிக்கும்போது மனம் கனக்கிறது என்பதையும் சொல்லியே ஆகவேண்டும். ஆயினும் உரிப்பு, தீனி, ஒளிவிடம் ஆகிய மூன்றையும் பிரிக்க முடியாது என்ற பாடத்தை அது ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. 2000களில் அதே ஆய்வுக்கூடத்தில், பகலில் மணலில் புதைந்து வாழும் தட்டையான மணல் சிங்கியின் குஞ்சுகளை முட்டையிலிருந்து அடித்தரையில் தங்கும் பருவம் வரை வளர்த்தெடுக்கவும் முடிந்தது. மிதக்கும் இளம்பருவம் பல மாதங்கள் நீளும் பார்ச் சிங்கியில் இது மிகக் கடினமான காரியம்.

வீட்டுத் தொட்டிக்கு இதிலிருந்து நேரடியாகக் கிடைப்பவை பல. மீனின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும் துப்புரவு இறாலும், காலிச் சங்கில் குடியிருக்கும் துறவி நண்டும் சட்டை உரிப்பவையே. ஆகவே அவற்றை வைப்பவர், மீன் நுழைய முடியாத இடுக்குகளைப் பாறைகளுக்கிடையே முதலில் அமைத்துவிட்டு, வளர்ந்து இடம்மாறத் துறவி நண்டுக்கு அடுத்த அளவுச் சங்குகளையும் போட்டு வைக்க வேண்டும். இன்னொரு பொருத்தமின்மை மருந்தில் இருக்கிறது: மீனின் உடலில் வெண்புள்ளிகளை உண்டாக்கும் ஒட்டுண்ணியைக் கொல்லப் பயன்படும் தாமிரக் கரைசல், மீன் தாங்கும் அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். இரண்டையும் சேர்த்து வளர்க்க விரும்புவோர், புதிய மீனைச் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துக் கண்காணித்த பின்னரே சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கோவளத்தின் வடக்கே முட்டுக்காட்டில், கடலும் உப்பங்கழியும் சந்திக்கும் முகத்துவாரம் கோடையில் மணலால் அடைபட்டு, வடகிழக்குப் பருவமழையின் வெள்ளத்தில் திறக்கிறது. உள்ளே அடைபட்ட நீரின் உப்பு வெயிலில் ஏறி, மழையில் சட்டென்று இறங்கும்; அங்கு நிலைத்து வாழும் மடவை, கொடுவா, செத்தக்கெண்டை போன்றவை இந்த ஏற்றத்தாழ்வுக்குப் பழகிய உடலுடையவை. 1987இல் சென்னையில் அமைந்த மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் முட்டுக்காட்டில் தன் பரிசோதனை நிலையத்தை நடத்தி, 1997இல் கொடுவாவைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்து காட்டியது. அண்மைக்காலத்தில் வண்ணமீன் வணிகத்துக்கு ஏற்ற, உடலெங்கும் புள்ளிகள் கொண்ட ஸ்கேட்டையும், வெள்ளித்தகடு போன்ற மோனோவையும் குஞ்சு பொரிக்கச் செய்திருக்கிறது.

உணவுமீன் ஆய்வுக்கு நிகரான கவனம் பெறத்தக்கது இந்தப் பிற்பணி. கடற்கரையில் நீர் மொண்டு தொட்டி வைப்போருக்கு, கடலின் உப்பும் ஆண்டு முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. கோடையில் லிட்டருக்கு 34, 35 கிராம் அளவில் இருப்பது, நவம்பர், டிசம்பரில் ஆற்றுநீர் கலந்த வங்கக்கடல் நீர் கரையையொட்டித் தெற்கு நோக்கி வரும்போது 30 கிராமுக்கும் கீழே இறங்கக்கூடும். ஸ்கேட்டும் மோனோவும் இதைப் பொருட்படுத்தா. தன் உடல்நீரின் உப்பைச் சுற்றுநீரிலிருந்து வேறுபடுத்தி வைத்துக்கொள்ள இயலாத நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும் ஒரே நாளில் துவண்டுவிடும். எனவே அவ்விரு மீன்களையும் நட்சத்திர மீனையும் ஒரே தொட்டியில் விடுபவர், பிந்தியதன் தேவைக்கே நீரை அளந்து நிறுத்த வேண்டும். கூட்டமாக நீந்தும் மோனோவைத் தனியாக விட்டால் அது மிரண்டு மெலியும் என்பதும், கைப்பிடிக்குள் அடங்கும் ஸ்கேட் ஓரடிக்கு மேல் வளரக்கூடியது என்பதும் வாங்குமுன் எண்ணத்தக்கவை.

பவளத்திட்டைத் தொட்டிக்குள் ஆக்குவதற்கு ஆசியாவிலேயே ஒரு முன்னோடி இருந்தார். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிர்கள் குடியிருக்கும் பாறைத்துண்டுகளைக் கடலிலிருந்து எடுத்து வைத்து, சிறிது காற்றை மட்டும் செலுத்தி, பவளங்களையும் மீன்களையும் ஒன்றாக வாழவைத்த முறையை 1961இல் உலகுக்கு அறிவித்தார். இந்தியாவில் அம்முறையை அப்படியே பின்பற்ற இயலாது. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திட்டுக்கட்டும் பவளங்கள், கடல் விசிறிகள், கடல் குதிரைகள், கடல் அட்டைகள் முதலியவை சேர்க்கப்பட்டதால், அவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். பவளப் பாறைத்துண்டும் அதில் அடங்கும். 1986இல் அறிவிக்கப்பட்ட, 21 தீவுகள் அடங்கிய மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா பட்டிருந்த சேதத்தைக் கருதினால் இத்தடை சரியானது. தொட்டி வைப்போர் அதை இழப்பாகக் கருதத் தேவையில்லை. சுட்ட மண்ணாலும் சிமென்டாலும் செய்த துளைகள் நிறைந்த கற்கள் அதே பாக்டீரியாக்களுக்கு வீடாகின்றன, சற்றுக் கூடுதல் காலம் பிடிக்கும், அவ்வளவே.

தடைக்குப்பின் வணிகத்தின் நடுவில் வந்து நின்றது கோமாளி மீன். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையமும் அதன் பல இனங்களைப் பொரிப்பகத்தில் பெருக்கின; கொளத்தூர் வண்ணமீன் சந்தைவரை அவற்றின் குஞ்சுகளை அனுப்பக்கூடிய நிலை அதனால் உருவானது. கடலில் இம்மீன், கொட்டும் கைகள் கொண்ட கடல் சாமந்தியின் நடுவே அல்லாமல் காணப்படுவது அரிது. உலகெங்கும் பொருத்தத்தின் அடையாளமாகக் காட்டப்படுவதும் இந்த இணைதான். பொரிப்பகத்திலோ ஒரு மண்சட்டியின் அல்லது ஓட்டின் மேல் பெண் முட்டையிட, ஆண் ஏறத்தாழ ஒரு வாரம் துடுப்பால் விசிறிக் காத்து, இருட்டியபின் குஞ்சுகள் வெளிவருகின்றன. கடல் சாமந்தியையே காணாத அந்தத் தலைமுறை அதன் துணையின்றியும் நலமாக வாழ்ந்து மீண்டும் முட்டையிடுகிறது. மாறாக, கடல் சாமந்தி மிகுந்த ஒளியும் தூய்மையான நீரும் வேண்டுவது, இடம்பெயர்ந்து அலைகையில் மற்ற மீன்களையும் கொட்டிப் பிடித்துத் தின்பது. ஆகவே புதிதாகத் தொடங்குவோர் ஓர் இணைக் கோமாளி மீனை மட்டும் விட்டு, கடல் சாமந்தியைத் தவிர்ப்பதே நல்லது. அதன் உறவினமான டாம்செல் மீன்களை முதலில் விட்டால் அவை தொட்டி முழுவதையும் தம் எல்லையாக்கிக்கொண்டு பின்வருவோரை விரட்டும்; சாதுவான கோபியும் பிளெனியும் முன்னதாகவும், கோமாளி இணை அதன் பின்னரும், டாம்செல் வைத்தே ஆகவேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் கடைசியாகவும் விடப்பட வேண்டும்.