அப்பமும் பாணும்

முகத்துவாரத்துக் கிறிஸ்தவச் சிறுவன் ஒருவனிடம், ஐந்து அப்பங்களால் ஐயாயிரம் பேர் பசியாறிய வரலாற்றை மறைக்கல்வி வகுப்பிலே கேட்டபோது மனத்தில் தோன்றிய அப்பம் எத்தகையது என்று விசாரித்தால், தாச்சியிலே ஓரம் மொறுமொறுத்து, நடுவிலே பஞ்சுபோல் உப்பி எழும் அரிசிமா அப்பத்தையே அவன் சுட்டிக்காட்டுவான். கலிலேயாவிலே பகிரப்பட்டதோ வாற்கோதுமை ரொட்டி.

அப்பம் என்னும் பெயர் நமக்குப் புதியதன்று. வேதகாலத்து அபூபம் என்ற பணியாரப் பெயரோடு அதனை இணைப்போர் உளர். பெரும்பாணாற்றுப்படை கூறும் கூவியரை உரைகாரர் அப்ப வாணிகர் என்றே கொண்டனர். சந்தையிலும் நைவேத்தியத்திலும் பழகிய இச்சொல்லை விவிலியத்தைத் தமிழாக்கியோர் ரொட்டிக்கு ஏற்றினர். ஆயினும் கர்த்தர் கற்பித்த ஜெபத்திலே அவர்களிற் பலர் அப்பத்தை விடுத்து ஆகாரம் என்றும் உணவு என்றும் பொதுப்பட மொழிந்தது மிகுந்த விவேகம் என்பேன். சோறுண்ணும் குடியானவன் அனுதினமும் அப்பம் வேண்டி இரப்பானா?

பிலிப்பு தெ மெல்லோ தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பிலே அச்சாயிற்று. அந்நகரின் தெருக்களிலோ, 1505இல் வந்திறங்கிய போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற 'பாண்' என்னும் சொல் ரொட்டிக்கு உரியதாய் நிலைத்தது. சிங்களவரும் அதனைப் பாண் என்றே வழங்குகின்றனர். அதனை அளக்கும் றாத்தலும் அரபு மொழியிலே பிறந்து போர்த்துக்கேயர் நாவிலும் புழங்கிய சொல்லே. இன்று அது ஏறத்தாழ 450 கிராம். 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரவு அற்றபின் கோதுமைமாவுக்கு இல்லந்தோறும் ஏற்பட்ட செல்வாக்கு, பாணைக் காலை உணவின் ஸ்தானத்தில் அமர்த்தியது. ஏழைக்கு ரொட்டி வழங்கும் தர்மத்தைக் கத்தோலிக்க உலகம் அந்தோனியார் பெயரால் குறிப்பது வழக்கம். ஆனால், செவ்வாய்தோறும் பல சமயத்தவரும் கூடும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு அண்மையிலே, நேர்த்தி வைத்தவர் ஒருவர் அத்தகைய தர்மத்துக்கு அப்பம் வேண்டுமென்று கேட்பாராயின், முட்டை அப்பமா, பால் அப்பமா என்ற வினாவே அவருக்கு எதிர்வரும்.

இலத்தீன் வழிபாட்டு முறையோ பீடத்துக்குப் புளிப்பற்ற கோதுமை ரொட்டியையே விதிக்கின்றது. அதற்கும் போர்த்துக்கேயர் வழிவந்த 'ஓஸ்தி' என்ற பெயர் நம்மிடையே உண்டு. அரிசியினாலாகி, கள்ளோ ஈஸ்டோ கொண்டு பொங்குவதாகிய நம் அப்பம், வேதவாசகத்திலே ஓயாது பேசப்பட்டும் பீடத்தில் ஏற இயலாது நிற்பது சற்றே வேடிக்கைதான்.

கொச்சிக்கடை தன் பெயராலேயே நினைவூட்டும் அக்கொச்சி நாட்டிலே சுரியானிக் கிறிஸ்தவர் இல்லத்தளவிலே இதற்கொரு வழி கண்டனர். பெரிய வியாழன் இரவிலே அரிசிமாவும் உழுந்தும் சேர்த்துப் புளிக்கவிடாது அவிக்கும் பெசகா அப்பத்தின்மீது, குருத்து ஞாயிறன்று கொணர்ந்த ஓலையால் சிலுவை இடுவர். ஜெபம் முடிந்தபின் குடும்பத் தலைவர் அதனை வெட்டி, மூத்தோர் தொடங்கி இளையோர் வரை வரிசையாகக் கொடுக்க, தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்த பாலில் தோய்த்து உண்பர். அவ்வாண்டு மரணம் நேர்ந்த வீட்டார் பெசகா அப்பம் செய்வதில்லை. உறவினரும் அயலாரும் தத்தம் வீட்டு அப்பத்தில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பர்.