கோழியிடம் திருடிய மரபணு

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், குளித்த கையோடு செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டருக்குப் போய் நாட்டுக்கோழியும் பரோட்டாவும் சாப்பிடாமல் ஊர் திரும்புகிறவர்கள் குறைவு. இலையில் விழும் அந்தக் கோழியின் செல்களிலும், அதைக் கடிப்பவரின் செல்களிலும் ‘சார்க்’ என்றொரு மரபணு இருக்கிறது. அது வெளிச்சத்துக்கு வந்ததே ஒரு கோழியால்தான்.

1909-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கூடத்துக்கு மார்பில் கட்டியோடு ஒரு பிளிமத் ராக் கோழி வந்தது. அங்கிருந்த ஆய்வாளர் பேட்டன் ரௌஸ் அந்தக் கட்டியை அரைத்து, பாக்டீரியாகூட நுழையாத வடிகட்டியில் வடித்து, வேறு கோழிகளுக்கு ஊசி போட்டார். அவற்றுக்கும் கட்டி வந்தது. 1911-ல் இதை எழுதினார். வைரஸால் புற்றா என்று உலகம் உதட்டைப் பிதுக்கியது. நோபல் பரிசு வந்தது 1966-ல், அவருடைய 87 வயதில்.

வடிகட்டியைத் தாண்டிப்போன அந்த வைரஸுக்கு நாலே மரபணு. பெருகுவதற்கு மூன்று போதும். நாலாவதான சார்க் செய்வதெல்லாம் புற்றை உண்டாக்குவதுதான். பிறகு எதற்கு அதைச் சுமக்கிறது? 1976-ல் விஞ்ஞானிகள் பிஷப், வார்மஸ் குழு விடை கண்டது: அது வைரஸின் சொந்தச் சொத்தே இல்லை. நோயில்லாத கோழி, காடை, வான்கோழி, வாத்து, ஈமு எல்லாவற்றின் டி.என்.ஏ.விலும் அது இருந்தது. எப்போதோ ஒரு கோழியிடம் அடித்த சரக்கு.

அடித்ததில் என்ன கெட்டது என்பது எழுத்தெழுத்தாகப் படித்தபோதுதான் புரிந்தது. 1983-ல் வைரஸின் சுமார் 9,300 மரபு எழுத்துகளும் வெளியாயின. கோழியின் சார்க் புரதத்தில் 533 அமினோ அமிலங்கள். வைரஸின் பிரதியில் கடைசி 19 இல்லை. அங்கே வேறு 12 ஒட்டியிருந்தது. போன வாலில்தான் புரதத்தை அடக்கி வைக்கும் பிரேக் இருந்தது!

நம் பக்கத்துக் கோழிகளுக்குக் கட்டி விஷயத்தில் பெரிய தொல்லை வேறொரு வைரஸ், மேரக்ஸ். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிக் கோழி விழுந்துவிடும், உள்ளே கட்டிகள். தின்பவருக்கு இது தொற்றாது. பண்ணைக் குஞ்சுக்குப் பொரித்த அன்றே ஊசி போடுகிறார்கள். அது கட்டியைத் தடுக்கும், தொற்றைத் தடுக்காது. வைரஸ் உள்ளேயே இருந்து மாறிக்கொண்டிருக்கும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் அதன் ‘மெக்’ என்ற புற்று மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்தது இதனால்தான்.

தென்காசிக் கொல்லைப்புறக் கோழிகளுக்கு அந்த ஊசி எட்டுவது கடினம். பெரும்பாலும் திரவ நைட்ரஜனில் வைக்கும் மருந்து; ஒரு குப்பி ஆயிரம் குஞ்சுக்கானது, திறந்தால் சீக்கிரமே போட்டு முடித்தாக வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருக்கும் வீட்டுக்காக யார் அதைத் திறப்பார்கள்?