வலப்புறம் திரும்பினால் கடல்

ஐந்து நாட்டு நிறுவனங்கள் சேர்ந்த கிஸா கூட்டமைப்பு கைவிரித்ததையும், கொரியாவில் உருக்காலை கட்டுபடியாகாது என்று உலக வங்கி அடித்துச் சொன்னதையும் சென்ற வாரம் பார்த்தோம். போஹாங் உலையிலிருந்து 1973 ஜூன் 9 அன்று முதல் இரும்புக் குழம்பு வழிந்த நாளுக்கு இந்த வாரம் வரவேண்டும். அதற்கு முன் அந்த ஆலையைக் கட்டிய பார்க் டே ஜூனைப் பார்த்துவிடுவோம். அவரைத் தாண்டி அந்த உலைக்குப் போக வழியில்லை.

1969 தொடக்கம். பிட்ஸ்பர்க்கில் பணம் கேட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய டே ஜூன், வழியில் ஹவாயில் தங்கினார். அங்கேதான் அந்த யோசனை உதித்தது. காலனி ஆட்சிக் காலக் கணக்கைத் தீர்க்கும் 1965 ஒப்பந்தப்படி ஜப்பான் தர இசைந்தது 30 கோடி டாலர் நன்கொடை, 20 கோடி டாலர் கடன். அதில் மிச்சமிருப்பதை உருக்குக்குத் திருப்பினால் என்ன? விவசாயத்துக்கென்று வைத்திருந்த பணம் அது. ஜப்பான் தலையசைக்காமல் தொட முடியாது. டோக்கியோவுக்குப் பறந்தார். சிறுவயதில் ஜப்பானில் வளர்ந்து வாசேடாவில் படித்தவர். யவாட்டா உருக்கு நிறுவனத்தின் இனயாமாவையே தன் பக்கம் இழுத்தார். கடைசியில் சுமார் 12 கோடி டாலர் போஹாங்குக்கு வந்தது.

யோங்கில் விரிகுடா மணலில் ஒரு மரக்கொட்டகைதான் தலைமை அலுவலகம். புழுதி பறக்கும் அந்த இடத்துக்கு, பாலைவனப் போர் நடத்திய ஜெர்மன் தளபதியின் பெயரால், 'ரோமெல் மாளிகை' என்று பெயர். முன்னாள் ராணுவ அதிகாரியான டே ஜூன் ஊழியர்களை நிறுத்திவைத்துச் சொன்னார்: இது நம் முன்னோர்கள் ரத்தம் சிந்திய பணம், தோற்றால் எல்லோரும் வலப்புறம் திரும்பி நடந்து கடலில் மூழ்குவோம். வெறும் மேடைப் பேச்சில்லை. 1977இல் விரிவாக்கப் பணியில் 80 சதவீதம் முடிந்திருந்த ஓர் அடித்தளத்தின் கான்கிரீட் சரியில்லை என்று தெரிந்ததும், ஆட்களைக் கூட்டிவைத்து அதை வெடிவைத்துத் தகர்த்தார். தான் கட்டிய நிறுவனத்தில் ஒரு பங்குகூட அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

வெளிநாட்டுப் பணம் எத்தனையோ நாடுகளுக்கு வந்தது. மாளிகைகளாகவும் அயல்நாட்டு வங்கிக் கணக்குகளாகவும் கரைந்தது. யாருடைய பணம் என்ற நினைப்பு செலவழிக்கிறவருக்கு இருந்ததால்தான் போஹாங் பிழைத்தது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் அதிபர் பார்க் சுங் ஹீயை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஜப்பானியச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் கட்டாய உழைப்பில் வதைபட்டவர்களின் பெயரால் வந்த தொகை அது. இறந்தவர்களின் குடும்பத்துக்கு 1970களில் தலா 3 லட்சம் வோன் கொடுத்துக் கணக்கை முடித்தது அவர் அரசு. உயிரோடு திரும்பியவர்களுக்கு அந்த இழப்பீடும் இல்லை. அவர்களில் சிலருக்கு நிப்பான் ஸ்டீல் இழப்பீடு தரவேண்டும் என்று கொரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018இல்தான். யவாட்டாவின் வாரிசு அந்த நிறுவனம்.

1973 ஜூன் 9, அடுத்த வாரம்.