நாட்டிகாக் கரையில் 'செம்மீன்': ஒரு படப்பிடிப்பு விட்டுச்சென்ற ஆவணம்

கடற்கரைக் கிராமமொன்றுக்குப் படப்பிடிப்புக் குழு வந்தால், அது கதையை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புவதில்லை. கதைக்குப் பின்னால் கிடக்கும் வள்ளம், வலை, மீன் காயும் மணல், சுமை தூக்கும் பெண்கள் எல்லாமே படச்சுருளில் ஏறிவிடுகின்றன. கதையை நம்புவதா விடுவதா என்பது வேறு விடயம். பின்னணியை நாம் வரலாற்றுச் சான்றாக வாசிக்கலாம். 'செம்மீன்' படத்தை நான் அப்படித்தான் பார்த்து வருகிறேன்.

தகழி சிவசங்கரப் பிள்ளையின் நாவல் 1956இல் வெளியானது. அடுத்த ஆண்டு சாகித்திய அக்கடமி விருது பெற்றது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் நம்மில் பலர் அதைத் தமிழில் வாசித்திருப்போம். நாவலின் களம் ஆலப்புழைக் கரை. ஆனால் ராமு காரியாட் அதைப் படமாக்கியது வடக்கே, திருச்சூர் மாவட்டத்து நாட்டிகாவில். அவர் பக்கத்துச் சேற்றுவாப் பகுதியைச் சேர்ந்தவர். ஆகவே அந்தக் கரை அவருக்கு அந்நியமல்ல. சேரமான் பள்ளிவாசல் அமைந்துள்ள கொடுங்கல்லூருக்கு வடக்கே, அதே கரையோரத்தில்தான் இந்த ஊர் இருக்கிறது.

வந்திறங்கிய குழுவோ பல தேசத்துக் கலவை. தயாரிப்பாளர் பாபு இஸ்மாயில் சேட். ஒளிப்பதிவு, 'மாயாபஜார்' புகழ் மார்கஸ் பார்ட்லி. இசையமைத்த சலில் சௌத்ரியும் படத்தொகுப்புச் செய்த ரிஷிகேஷ் முகர்ஜியும் வங்காளிகள். ஷீலா கறுத்தம்மாவாகவும், சத்யன் பழனியாகவும், மது பரீக்குட்டியாகவும் நடித்தார்கள். 1965இல் வெளிவந்த இப்படம் இந்திய ஜனாதிபதியின் தங்கப் பதக்கத்தை வென்றது. தென்னிந்தியப் படமொன்றுக்கு அந்தப் பதக்கம் கிடைத்தது அதுவே முதற்தடவை.

நமது வாசகர்கள் கவனிக்கவேண்டிய பாத்திரம் பரீக்குட்டி. 'பரீது' என்பது 'ஃபரீத்' மலையாள நாவில் புரண்ட உருவம். அவன் கரையில் மீன் வாங்கிக் காயவைத்து விற்கும் முஸ்லிம் வியாபாரி. எங்கட பாஷையில் சொன்னால் 'வாடி' வைத்திருப்பவன். தோணியும் வலையும் வாங்க ஆசைப்படும் செம்பன்குஞ்சு அவனிடம் காசு வாங்குகிறான். பிடிக்கும் மீனை அவனுக்கே தருவதாக வாக்குக் கொடுக்கிறான். பிறகு கையை விரித்துவிடுகிறான். பரீக்குட்டியின் தொழில் முறிந்துபோகிறது.

கரையோரக் கதைகளில் முதல் போடும் வியாபாரி பெரும்பாலும் உறிஞ்சுபவனாகவே வருவான். இங்கே ஏமாற்றப்படுபவன் அவன்தான். முற்பணம் கொடுத்து மீனைக் கட்டிவைக்கும் இந்த வழக்கத்தை எங்கட கரைகளில் சம்மாட்டியும் முதலாளியும் நன்றாக அறிவார்கள். அதில் யார் யாரைக் கட்டிவைக்கிறார் என்பது கடனுக்குக் கடன் மாறும். தகழி இதைக் கண்டு எழுதினார் என்பதே என் வாசிப்பு. எனினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பரீக்குட்டிக்கு ஒரு சமூகம் இருப்பதாகப் படம் காட்டவில்லை. அவன் பாடுகிறான், காத்திருக்கிறான், கடைசியில் கறுத்தம்மாவோடு மணலில் பிணமாகக் கிடக்கிறான். அவனுடைய பள்ளிவாசலும் உறவும் கதைக்குத் தேவைப்படவில்லை.

கதையின் முதுகெலும்பான நம்பிக்கையையும் அப்படியே வரலாறாக எடுக்க முடியாது. கடலுக்குப் போனவனின் உயிர் கரையிலுள்ள மனைவியின் கற்பில் தங்கியிருக்கிறது, தவறினால் கடலம்மா பழிவாங்குவாள் என்கிறது படம். மீனவர் வாழ்வு இப்படி ஒரேயொரு விலக்குக்குள் அடங்காது என்ற விமர்சனம் எழுந்ததில் நியாயம் உண்டு. கடலில் ஆள் சாவதற்குக் காற்றும் நீரோட்டமும் பழைய வள்ளமும் காரணமாகின்றன. அந்தப் பழியைப் பெண்ணின் தலையில் போடுவது கதைக்கு வசதி.

ஆனால் பின்னணி பொய் சொல்லவில்லை. என் மாமா ஒருவர், கரைவலைத் தொழிலில் கிடந்தவர், வீடியோ கசெற் காலத்தில் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லுவார். "கதைக்காகப் பாக்கல்ல மருமகன், வள்ளத்தத் தள்ளுற கையப் பாக்கிறன்" என்பார். அவர் பேச்சில் ஓர் ஆய்வு முறையே இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

ஏனென்றால் அந்தக் கைகளின் காலம் அப்போதே மாறத் தொடங்கியிருந்தது. 1953இல் கொல்லம் நீண்டகரையில் இந்தோ-நோர்வே மீன்பிடித் திட்டம் ஆரம்பமானது. அதன் வழியாக இயந்திரப் படகுகள் வந்தன. பின்னர் இழுவைவலையும் இறால் ஏற்றுமதியும் கேரளக் கரையின் பொருளாதாரத்தையே புரட்டிப்போட்டன. பார்ட்லியின் கமெரா நாட்டிகாவில் நின்றது இந்த மாற்றத்தின் நடுவில். துடுப்பு வலிக்கும் வள்ளங்களை அது வண்ணத்தில் பிடித்துவைத்தது. ஆவணப்படுத்தவேண்டும் என்று யாரும் திட்டமிட்டுச் செய்த வேலையல்ல அது. காதல் கதையொன்றுக்குக் கடல் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

எங்கட கரைக்கு அப்படியொரு தற்செயலும் வாய்க்கவில்லை. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் வாடிகள் இருந்தன, தோணிகள் இருந்தன, வலை இழுக்கும்போது பாடும் அம்பாவும் இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது கரையோர வீடுகளோடு அந்த வீடுகளின் அலுமாரிகளில் கிடந்த படங்களும் உறுதிகளும் கணக்குக் கொப்பிகளும் போய்விட்டன. மிஞ்சியிருப்பது வயதானவர்களின் ஞாபகம் மட்டுமே.

அதைப் பதிவதற்குப் பெரிய குழுவோ வண்ணப் படச்சுருளோ வேண்டியதில்லை. கையிலிருக்கும் தொலைபேசி போதும். கேட்கவேண்டிய கேள்விகளும் சிறியவைதான்: தோணியின் எந்தப் பலகைக்கு என்ன பேர்? எந்தக் காற்றுக்கு என்ன பேர்? முற்பணக் கணக்கை எப்படி எழுதினார்கள்? பிடித்த மீனை எப்படிப் பங்கு பிரித்தார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்த ஒருவர் நம் ஒவ்வொருவரின் ஒழுங்கையிலும் இன்னும் இருக்கக்கூடும். இந்த மாதமே அவரிடம் போய் உட்காருவோம்.