நெபுலா படப்பிடிப்பு (விழுப்புரம் – திண்டிவனம்)

விண்மீன்களுக்கு இடையே பரந்து கிடக்கும் வளிமத்தையும் தூசியையும் அகன்ற பார்வைப்புலமுள்ள தொலைநோக்கியால் படமெடுக்கும் கலை. நெபுலாவுக்குத் தமிழில் விண்முகில், ஒண்முகிற்படலம் என்ற பெயர்களும் உண்டு. விழுப்புரமும் (வட அகலாங்கு 11.9°) திண்டிவனமும் (12.2°) இக்கலைக்கு ஏற்ற இடத்தில் அமைந்த ஊர்கள். வான் தென்துருவத்தைச் சுற்றிய 12 பாகை வட்டம் ஒன்று நீங்கலாக, மற்ற வானம் முழுவதும் இங்கு எப்போதாவது அடிவானத்துக்கு மேலே வந்துவிடும். ஐரோப்பியர் வீட்டு முற்றத்திலிருந்து ஒருபோதும் காண முடியாத கரினா நெபுலாவும், ஆஸ்திரேலியருக்கு எட்டாத வடவானத்து நெபுலாக்களும் இங்கே ஒரே மொட்டைமாடிக்கு வருகின்றன.

தொலைநோக்கியின் வேகம் என்பது, குவியத் தொலைவை, ஒளி நுழையும் வாயின் விட்டத்தால் வகுத்து வரும் எண்ணைக் குறிக்கும். எண் சிறிதானால் வேகம் கூடும். புள்ளியாகத் தெரியும் விண்மீனுக்கு வாயின் அகலமே முக்கியம்; பரந்து கிடக்கும் நெபுலாவுக்கு இந்த எண்தான் கணக்கு. எஃப்/10 கருவியில் 50 நிமிடம் பிடித்த படம் எஃப்/2 கருவியில் இரண்டே நிமிடத்தில் விழும்.

வரலாறு

நெபுலாவின் முதல் ஒளிப்படம் 1880 செப்டம்பர் 30 அன்று எடுக்கப்பட்டது. நியூயார்க்கு மருத்துவர் ஹென்றி டிரேப்பர் 11 அங்குலத் தொலைநோக்கியை ஓரியன் நெபுலாவின் பக்கம் திருப்பி, தகட்டை ஏறத்தாழ 50 நிமிடம் திறந்து வைத்திருந்தார். கலையின் தொடக்கம் அவரே. ஆனால் அகன்ற புலத்தின் அருமையைக் கண்டு சொன்னவர் எட்வர்ட் எமர்சன் பர்னார்ட். நாஷ்வில் நகரில் ஏழைப் பையனாக ஒளிப்படக்கடையில் வேலை பார்த்தவர் அவர். கலிபோர்னியாவின் லிக் ஆய்வகத்தில் 36 அங்குலப் பெருங்கருவி இருந்தும், 1889 முதல் பால்வீதியைப் பதிவுசெய்ய அவர் எடுத்தது ஆட்களின் உருவப்படம் எடுப்பதற்காகச் செய்த 6 அங்குல லென்ஸ். பெரிய கருவிக்குப் புலப்படாத முகிற்கூட்டங்களும் கரும்பிளவுகளும் அதில் விழுந்தன. ஓரியனை வளைத்து நிற்கும் மங்கிய வில் இன்றும் பர்னார்ட் வளையம் என்றே வழங்குகிறது.

லென்ஸ் நிறப்பிழை தரும். பரவளைய ஆடி நடுவில் மட்டுமே கூர்மை தரும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் எஸ்டோனியாவில் பிறந்த பெர்ன்ஹார்ட் ஷ்மிட். சிறுவயதில் வெடிமருந்து விபத்தில் வலக்கையை இழந்தவர். மிஞ்சிய இடக்கையாலேயே ஆடிகளைத் தேய்த்தார். கோள ஆடியை வைத்து, அதன் வளைவு மையத்தில் மெல்லிய திருத்தக் கண்ணாடி ஒன்றைப் பொருத்தினால் புலத்தின் ஓரம் வரை கூர்மை குன்றாது என்று கண்டு, 1930-இல் ஹாம்பர்க் ஆய்வகத்தில் எஃப்/1.75 வேகமுள்ள கருவியைச் செய்து முடித்தார். இக்கலையில் இதற்கு நிகரான கண்டுபிடிப்பு வேறில்லை. பாலோமர் மலையில் 1948-இல் நிறுவிய 48 அங்குல ஷ்மிட் கருவி வடவானம் முழுவதையும் தகடுகளில் பதித்தது. அத்தகடுகளைப் பார்த்து ஸ்டூவர்ட் ஷார்ப்லெஸ் 1959-இல் வெளியிட்ட பட்டியலில் 313 நெபுலாக்கள் உள்ளன.

தமிழகத்தில் ஷ்மிட் கருவி நின்ற இடம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர். விழுப்புரம், திண்டிவனம் இரண்டிலிருந்தும் நேர்கோட்டில் சுமார் 100 கி.மீ. வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்த இந்த இடத்தில் 1968-இல் 38 செ.மீ. கருவியும், 1972-இல் 1 மீட்டர் கருவியும், 1986-இல் 2.34 மீட்டர் கருவியும் இயங்கத் தொடங்கின. அங்கிருந்த 45 செ.மீ. ஷ்மிட் கருவியால் 'கல்கி' திட்டத்தில் சிறுகோள்களைத் தேடினர். 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த 4130-ஆம் சிறுகோள் கணிதமேதை ராமானுஜன் பெயரைத் தாங்குகிறது. அது நெபுலாவைத் தேடிய திட்டம் அல்ல. எனினும் அகன்ற புலத்தை ஒரே மூச்சில் பதிக்கும் அதே திறமைதான் அங்கும் பயன்பட்டது.

உள்ளூர் வானம்

மிருகசீரிட நட்சத்திரத்தைச் சூழ்ந்த ஷார்ப்லெஸ் 264 இப்பகுதியில் உச்சந்தலைக்கு மேலே, உச்சியிலிருந்து இரண்டே பாகை விலகிக் கடக்கிறது. நிலாவைப் போல் பத்து மடங்குக்கு மேல் அகலமுள்ள நெபுலா அது. கரினா நெபுலா மார்ச் தொடக்கத்தில் நள்ளிரவில் தெற்கே 18 பாகை உயரத்தில் நிற்கும். தில்லியில் அது இரண்டு பாகை கூட எழுவதில்லை. ஆனால் விழுப்புரத்துக்கு நேர் தெற்கே 40 கி.மீ. தொலைவில் நெய்வேலியின் வெளிச்சம் இருக்கிறது. திண்டிவனத்தாருக்கோ கரினா உதிக்கும் திசையும் புதுச்சேரி இருக்கும் திசையும் ஒன்றே. இந்த ஊர்களின் வெளிச்சத்தைத் தாண்டி எடுக்க, ஹைட்ரஜன் ஒளியை (656.3 நானோமீட்டர்) மட்டும் விடும் வடிகட்டி வேண்டும். எஃப்/2 கருவியில் கதிர்கள் சாய்ந்து விழுவதால் வடிகட்டி விடும் அலைநீளம் சற்றுக் குறைந்துவிடும். அந்த வேகத்துக்கென்றே செய்ததைத்தான் வாங்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகை இரவுகளை எடுத்துக்கொள்கிறது. தை முதல் சித்திரை வரையே நல்ல பருவம். அதிலும் தை மாதப் பனி முன்கண்ணாடியில் படியும் என்பதால் வெப்பப் பட்டை சுற்ற வேண்டும். தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்டை நேர்செய்ய உதவும் துருவ நட்சத்திரம் 12 பாகை உயரத்தில்தான் இருக்கும். ஒரு பனைமர வரிசை மறைத்துவிடும். அப்போது எடுத்த படத்திலுள்ள விண்மீன்களைக் கணினி ஒப்பிட்டே மவுண்டை நேர்செய்கிறார்கள்.

இன்றைய நிலை

தகடும் ஃபிலிமும் போய் மின்னணு உணரிகள் வந்துவிட்டன. ஷ்மிட் வழிவந்த 8 அங்குல எஃப்/2 கருவிகளைத் தனியாரும் வாங்கலாம். குவியத் தொலைவு 400 மி.மீ. ஏபிஎஸ்-சி உணரியில் 3.4 × 2.2 பாகை வானம் விழும், கரினா முழுதும் ஒரே படத்தில் அடங்கும்.