முதியோரும் மயக்க மருந்தும்



“மயக்க ஊசி போட்டால் அப்புறம் கண் திறக்க மாட்டேன்” என்று சொல்லி, வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனையைத் தள்ளிப் போடும் பெரியவர்கள் நம் தோட்டங்களில் உண்டு. அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது.

1846ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியைக் கொடுத்து, வலியில்லா அறுவை சிகிச்சைக்கு வழி காட்டினார். ஆனால் சில நிமிடச் சோதனைக்கு முழு மயக்கம் எதற்கு? அரைத் தூக்கமே போதும். 1963இல் விற்பனைக்கு வந்த டயஸிபாம் அதற்கு உதவியது. எனினும் அது உடலை விட்டு நீங்க நெடுநேரம் பிடித்தது. இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய 20 வயதினருக்கு ஏறத்தாழ 20 மணி நேரம். 80 வயதினருக்கோ ஏறத்தாழ 90 மணி நேரம் என்று 1970களில் ஆய்வாளர்கள் கண்டனர்.

1980களில் மிடாஸொலாம் வந்தது. இது விரைவில் நீங்கும். ஊசி போட்ட இடமும் அவ்வளவாக எரியாது. ஆனால் டயஸிபாமைவிடப் பல மடங்கு வீரியம் மிக்கது. பழைய பழக்கத்தில் அளவு மிஞ்சியதால், அமெரிக்காவில் மூச்சுத் தடைப்பட்டுப் பலர் மாண்டனர். அவர்களில் முதியோர் பலர். அதன் பின்னரே முதியோருக்கான அளவு குறைக்கப்பட்டது; கடும் எச்சரிக்கையும் அச்சிடப்பட்டது. மயக்கத்தை முறிக்கும் ஃபுளூமாஸெனில் என்னும் மருந்தும் பின்னர் கைக்கு வந்தது.

1986இல் பிரிட்டனில் அறிமுகமான புரோபஃபால் பால் போல் வெண்மையானது. நிறுத்திய சில நிமிடங்களில் தெளிவு வரும். ஆயினும் முதியோருக்கு இரத்த அழுத்தத்தைச் சட்டென இறக்கிவிடும். இதற்கு முறிவு மருந்தும் இல்லை. 2020இல் ரெமிமாஸொலாம் என்னும் புதிய மருந்து சில நாடுகளில் அனுமதி பெற்றது. அது விரைவில் நீங்கும். முறிவு மருந்தும் உண்டு.

இவற்றுள் எது சிறந்தது? மருந்தின் பெயரைவிட, கொடுக்கும் முறையே பெரிது. முதியவர் உடலில் மருந்து வேலை செய்யத் தாமதமாகும். பொறுக்காமல் மேலும் ஏற்றினால் ஆபத்து. ஆகவே குறைந்த அளவு, நிதானம், விரலில் மாட்டும் பிராணவாயு அளவுமானி, விழிப்பான கண்காணிப்பு ஆகியவையே உயிர்க்காவல்.

நம் பங்கும் உண்டு. தூக்க மாத்திரை, நாட்டு மருந்து, மதுப் பழக்கம், குறட்டை எதையும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. சொன்னபடி வெறும் வயிற்றோடு செல்ல வேண்டும். துணைக்கு ஒருவர் உடன் போய் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும்.

அச்சத்தால் சோதனையைத் தள்ளினால் நோய் காத்திருக்குமா? கேட்டுத் தெளிவோம், துணிந்து செல்வோம்.